எல்லோரும் ஃபைன்

1

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் வீடியோவில் வந்தான். இங்கே இங்கிலாந்தில், லீட்ஸில் வழக்கம்போல நசநசவென்று மழை. அங்கே திருவண்ணாமலையில் இருட்டிவிட்டிருந்தது. கார்த்திகை தீபம் ஏற்றிச் சில நாட்கள் ஆகியிருந்தாலும் மலை உச்சியில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"இரு பாப்பா, மாடிக்குப் போயி காட்றேன்."

படி ஏறும்போது மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. மேலே போனதும் ஃபோனைத் திருப்பிப் பிடித்தான். கறுப்புக்கு நடுவே ஒரு பொட்டு வெளிச்சம்.

"தெரியுதா?"

"தெரியுதுண்ணா" என்றேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனால் ஃபோனைத் திருப்பும்போது ஒரு நொடி அவன் கை தெரிந்ததே, அதுதான் என் கண்ணிலேயே நின்றது. முழுக்கை வைத்த மெரூன் கலர் ஸ்வெட்டர்.

என் அண்ணன் ஸ்வெட்டர் போட்டு நான் பார்த்ததே இல்லை. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். மார்கழி விடியலில், முதல் வண்டிக்கு வெறும் காக்கிச் சட்டையோடு தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு போவான். அம்மா திட்டினால், "குளிரெல்லாம் டிக்கெட் வாங்கறவங்களுக்குத்தான்" என்பான்.

"இன்னாண்ணா இது, ஸ்வெட்டர் எல்லாம்?"

"அதுவா? போன வருஷம் வாங்கினது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பனிக் காலத்துல பரப்பி வெச்சு விப்பாங்கல்ல, அங்க. சும்மா பெட்டியிலயே கெடந்துச்சு. அங்க ஜாஸ்தி குளிரும்னு நிலா சொல்லிச்சே…"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று, "மழையா அங்க?" என்றான். ஆமாம் என்றேன். "சரி, ரைட்டு" என்று வைத்துவிட்டான். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் 'ரைட்' கொடுக்காமல் ஃபோனை வைக்க மாட்டான்.

நிலா என் மகள். அவள் சொன்ன 'அங்க' எங்கள் வீடு. ஆக, அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவதற்காக ஸ்வெட்டர் வாங்கியிருக்கிறான். கூப்பிட்டபோது வேண்டாம் என்று சொன்ன அதே அண்ணன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஊரில் இருக்கும் உங்களிடம் இதைச் சொல்லாவிட்டால் வேறு யாரிடம் சொல்வது? ஆனால் இதைச் சொல்ல, முதலில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபைன்.

2

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. ஹவ் ஆர் யூ? ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ. வகுப்பே எழுந்து நின்று ராகம் போட்டுச் சொல்வோம். பாதிப் பேர் காலையில் சாப்பிட்டிருக்க மாட்டோம், ஆனாலும் எல்லோரும் ஃபைன்.

நர்ஸாக இங்கே வந்த பிறகுதான் அந்த ஒரு வார்த்தைக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. மழை இல்லாவிட்டால் வானம் ஃபைன். முடி மெல்லிசாக இருந்தால் ஃபைன். சன்ன ஊசியும் ஃபைன், உயர்ந்த துணியும் ஃபைன். விசா அலுவலகத்தில் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, இன்னும் மூன்று மாதம் ஆகும் என்று திருப்பிக் கொடுத்த அம்மாள்கூட "தட்ஸ் ஃபைன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். யாருக்கு ஃபைன் என்று சொல்லவில்லை. வார்டு மேலாளர் உதட்டை லேசாக இழுத்துக்கொண்டு "ஃபைன்" என்றால் மறுநாள் நமக்குக் கச்சேரி இருக்கிறது. நிலா பத்தாவது படிக்கும்போது "ஃபைன்!" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்தால், இரண்டு நாளைக்கு அவளோடு பேச்சுவார்த்தை கிடையாது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பங்காளிகள் வேறு. இந்தப் பக்கத்து ஆட்கள் எதிரே பார்த்தால் "யூ ஆல்ரைட்?" என்பார்கள். வந்த புதிதில் நான் பயந்துபோய், முகம் வெளுத்திருக்கிறதோ என்று கழிவறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒருத்தியிடம் நின்று நிதானமாக, ராத்திரி தூக்கமில்லை, இடுப்பு வலிக்கிறது என்று பதில் சொல்லவும் செய்தேன். பாவம், அவள் கையில் காபி ஆறிப்போனது. "நாட் பேட்" என்றால் ரொம்ப நன்றாக இருக்கிறது. "ஓகே" என்றால் அவ்வளவு நன்றாக இல்லை. என்ன ஜனங்களோ!

இதை எல்லாம் அண்ணனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். "எங்க வண்டியில டிக்கெட் எடுக்காதவனுக்குத்தான் ஃபைன். உங்க ஊர்ல எல்லாரும் ஃபைன்னா, கட்றது யாரு?" என்பான்.

நம்மிடமும் இது கம்மி இல்லை. நல்லாருக்கேன், பரவால்ல, தேவல, ஏதோ ஓடுது, இருக்கட்டும், போதும். எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதச் சொன்னால் ஃபைன் என்றுதான் எழுதியாக வேண்டும். ஆனால் "பரவால்ல" என்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறானா, மனசார சொல்கிறானா என்பது நமக்குச் சொல்லாமலே தெரியும். ஒரு காலத்தில் தெரிந்தது.

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் கிழவர்கள் வேர்த்து வழியும்போதும் "ஐ'ம் ஃபைன், லவ்" என்பார்கள். நம்பிவிட்டுப் போகக் கூடாது. போர்வையைச் சரி செய்கிற சாக்கில் நின்று மறுபடி கேட்க வேண்டும், இன்னொரு தடவையும் கேட்க வேண்டும். அப்போதுதான் "கொஞ்சம் வலிக்கிறது" என்று வரும். புதிதாக வரும் பெண்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். வார்டில் கேட்கத் தெரிகிறது எனக்கு.

3

எங்கள் அம்மாவுக்கு விருந்தாளி இலக்கணம் ரொம்ப முக்கியம். கீழ்பென்னாத்தூரில் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஓரமாக நிறுத்தி எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் நடக்கும்.

"சாப்டச் சொன்னா ஒடனே பறக்காதீங்க. வேணாம், இப்பதான் சாப்ட்டு வந்தோம்னு சொல்லுங்க. மறுபடி சொல்லுவாங்க. அப்பவும் வேணாம்னு சொல்லணும். மூணாவது தடவ சொன்னா உக்காருங்க."

"மூணாவது தடவ சொல்லலன்னா?" என்று கேட்டேன்.

"சொல்லுவாங்க" என்றாள் அம்மா. அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

சொல்லாத நாளும் வந்தது. பெரியம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள், நாங்களும் ஒழுங்காக இரண்டு தடவை வேண்டாம் என்றோம். உள்ளே கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை. அந்த நேரம் பார்த்து, கடலை மூட்டை ஏற்றப் போன வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது என்று ஆள் வந்து நின்றான். பெரியம்மா போட்டது போட்டபடி ஓடிவிட்டாள். வீடே காலி. நாங்கள் அம்மாவோடு உட்கார்ந்து சுவரைப் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்பினோம்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது பெரியவன். பஸ் நின்ற இடத்தில் இறங்கி, வேகவைத்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கி என் மடியில் கொட்டினான். "அடுத்த தடவ ரெண்டாவதுலயே தலைய ஆட்டிடு பாப்பா. ரிஸ்க் எடுக்காத" என்றான். அம்மா முறைத்தாள். ஆனால் அவன் மட்டும் எங்கே போனாலும் மூன்றாவதுவரை நிற்பான். அந்த விஷயத்தில் அம்மா பிள்ளை.

பெரியவனானதும் சொந்தக்காரக் கல்யாணம் எதுவானாலும் பந்தியில் பாயச வாளி அவன் கையில்தான் இருக்கும். ஒருமுறை நானும் அப்பளத் தட்டோடு பின்னால் போனேன். ஒருத்தர் "போதும், போதும்" என்று சொல்லச் சொல்ல இவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

"போதும்னு சொல்றாரேண்ணா!"

"வாய் ஆயிரம் சொல்லும். நீ கைய பாரு. கை இலை மேல வந்துட்டா நெஜமாவே போதும். அதுக்கு மேல ஊத்தக் கூடாது."

அன்று முழுக்கக் கைகளையே பார்த்துக்கொண்டு போனேன். அவன் சொன்னது சரிதான். வேண்டும் என்கிறவர்கள் கையை இலைக்குப் பக்கத்தில் சும்மா ஆட்டுவார்கள். வேண்டாம் என்கிறவர்கள் உள்ளங்கையை விரித்து அப்படியே இலையை மூடிவிடுவார்கள்.

4

இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இடைவேளையில் ஒருத்தி பிஸ்கட் டப்பாவை என் முன்னால் நீட்டினாள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. "நோ, ஐ'ம் ஃபைன்" என்றேன். டப்பா அடுத்தவளிடம் போய்விட்டது. போனது திரும்பவே இல்லை! டீ வேண்டுமா என்று இன்னொருத்தி கேட்டாள். அதற்கும் அதே பதில்தான், அதற்கும் அதே கதிதான். அடிப்பாவிகளா, இன்னொரு வார்த்தை கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே வேலை முடியும்வரை பட்டினியாகத் திரிந்தேன்.

அன்று ராத்திரி சபதம் போட்டேன், இனிமேல் கேட்டதும் "யெஸ்". அதில் ஒன்றும் தப்பில்லை, வயிற்றுக்குத் தேவைதானே. ஆனால் வாங்கிக்கொள்ளும் வழக்கம் மாறினால் கொடுக்கும் வழக்கமும் கூடவே மாறிவிடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து நம் ஊர்க் குடும்பம் ஒன்று வீட்டுக்கு வந்தது. "காபி சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். "வேணாங்க, இப்பதான் குடிச்சோம்" என்றார்கள். "சரி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டேன். அவர்கள் போன பிறகு வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "காபித் தூள் தீந்துடுச்சா?" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர்கள்தானே வேண்டாம் என்றார்கள்?

5

சாரதா அண்ணி இறந்தபோது, கிடைத்த லீவில் நான் மட்டும் ஓடிப் போய்த் திரும்பினேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர்தான். வருஷத் திதிக்கு நிலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அப்போது காலேஜில் சேர்ந்திருந்தாள்.

அண்ணன் இளைத்திருந்தான். விடிந்ததும் வாசல் தெளித்து, கோலம் என்று சொல்ல முடியாது, மாவில் நான்கு கோடு இழுத்துவிட்டு வந்தான். "சாரதா இருந்தா இதப் பாத்து சிரிப்பா" என்றான். எந்தச் சாப்பாட்டு நேரத்திலும் பழக்க தோஷத்தில் ஒரு தட்டு கூடுதலாக எடுத்துவைத்துவிட்டு, சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தான். நிலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் அவர்கள் இரண்டு பேரும் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, நீங்க எங்க கூட வந்து இருங்க" என்றாள் நிலா. தமிழில் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையையும் தொட்டுப் பார்த்துத்தான் வைப்பாள். "ரூம் இருக்கு. ரொம்ப குளிரும். ஆனா ஹீட்டர் இருக்கு."

"அய்யய்யோ, எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? நான் நல்லாத்தான இருக்கேன்? வேணாம்மா."

"ஆர் யூ ஷ்யூர், மாமா?"

"ஷ்யூர், ஷ்யூர்."

"ஓகே. ஃபைன்."

அவ்வளவுதான். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, இன்றைக்கும் இல்லை. அவள் மனசார கேட்டாள். அவள் வளர்ந்த ஊரில் வேண்டாம் என்றவரை மறுபடி மறுபடி கேட்பது தொந்தரவு. வேண்டாம் என்றால் விட்டுவிடுவதுதான் மரியாதை. ஆனால் நான் யார்? நானும் அடுப்படியில் நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டேனே! எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. கேட்டாச்சு, வேண்டாம் என்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, அப்பளத்தைக் கொண்டுபோய் அவன் தட்டில் வைத்தேன்.

மறுநாள் கார் வாசலுக்கு வந்தது. பெட்டிகளை அவனே ஏற்றினான். நான் உட்கார்ந்த பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "வேற ஒண்ணும் இல்லியே பாப்பா?" என்றான்.

நான் கைப்பையைத் திறந்து பார்த்தேன். பாஸ்போர்ட், டிக்கெட், ஊறுகாய். "எல்லாம் எடுத்தாச்சுண்ணா."

"எதனா சொல்ல மறந்துட்டியா?"

"இல்லண்ணா."

கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்றான். பிறகு பஸ்ஸைத் தட்டுகிற மாதிரி காரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டி, "ரைட்" என்றான். கார் கிளம்பிவிட்டது.

6

ஸ்வெட்டரைப் பார்த்ததிலிருந்து இரண்டு நாள் யோசித்து, எனக்கு வார்டு லீவு இருந்த நாளில் நானே கூப்பிட்டேன். அண்ணன் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அதே ஸ்வெட்டர். சுற்றி வளைக்கவில்லை நான்.

"அண்ணா, டிக்கெட் போடட்டுமா? விசிட்டர் விசா வாங்கிடலாம். வெயில் காலத்துல வந்து ஆறு மாசம் இருந்துட்டுப் போ."

"வேணாம்மா. எனக்கு எதுக்கு அவ்ளோ தூரம்?"

அது முதலாவது. மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் சிரிப்புகூட வந்தது. அவன் கை நாற்காலியின் மேல்தான் இருந்தது, நானும் பார்த்தேன்.

"ஸ்வெட்டர் வாங்கி வெச்சுக்கினு வேணாம்னா எப்படி?"

அவனும் சிரித்தான். "அது அப்ப, பாப்பா."

"அப்பன்னா?"

ஸ்வெட்டரின் கைப்பக்கம் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"கொழந்த கேட்டுச்சு. சந்தோசமாத்தான் இருந்துச்சு. அது கேட்டதும் ஒடனே சரின்னா நல்லாவா இருக்கும்? நீ கேப்பன்னு பாத்தேன். வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டு கேக்கலாம்னு இருக்கியோன்னு நெனச்சேன். நீ அங்க போயி ஒவ்வொரு தடவ ஃபோன் பண்றப்பவும் இன்னைக்குக் கேப்பா, இன்னைக்குக் கேப்பான்னு…"

"நீயே ஒரு வார்த்த சொல்லக் கூடாதாண்ணா? வேற யாரு இருக்கா நமக்கு?"

"நானா எப்படிம்மா கேக்கறது? தங்கச்சி வீடு."

"சரி, இப்ப நான் கேக்கறேன். வாண்ணா."

"இப்ப வேணாம்மா." அது இரண்டாவது. ஆனால் இது கீழ்பென்னாத்தூரில் நாங்கள் சொன்ன 'வேணாம்' இல்லை. அதற்குள் வேறு ஏதோ இருந்தது.

"அப்ப வீட்டுக்குள்ள இருக்கவே முடியல பாப்பா. சாயங்காலம் ஆனா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடுவேன். போற வண்டி வர்ற வண்டியப் பாத்துக்கினு பெஞ்சுல உக்காந்திருப்பேன். யாராவது, வான்னு கூப்ட்டா எங்கன்னு கேக்காம ஏறியிருப்பேன். இப்ப பழகிடுச்சு. ரசம் வெக்கறேன், நல்லாவே வருது. ஒரு தட்டுதான் எடுக்கறேன். அங்க வந்து ஆறு மாசம் உங்க சத்தத்துல இருந்துட்டு, திரும்பி இந்த வீட்டுக்கு வந்து, மறுபடி மொதல்லேருந்து பழகணும். என்னால முடியாதும்மா."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ பேருடைய வலியைக் கேட்டு எழுதியிருக்கிறேன். என் அண்ணன் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மாதங்களில் வாரம் தவறாமல் அவனிடம் "எப்படி இருக்க?" என்று கேட்டேன். "நல்லாருக்கேன்" என்றான். "சரிண்ணா" என்று வைத்தேன்.

"அண்ணா, எனக்காக வா. ஒரு தடவ வாண்ணா." அழுதுவிட்டேன். அது நான் மூன்றாவது தடவை கேட்டது.

அவன் கை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தது. உள்ளங்கை விரிந்து, ரேகை தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் வந்து, ஃபோனை மூடியது. முகம் மறைந்தது. கூடம் மறைந்தது. இலையை மூடுகிற அதே கை.

இருட்டுக்குள்ளிருந்து அவன் குரல் மட்டும் வந்தது. "ரைட்டு பாப்பா."

நான் மேசை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மாடியிலிருந்து இறங்கி வந்த நிலா, அடுப்படியில் எதையோ எடுத்துக்கொண்டே, "மாமாவா? ஹவ் இஸ் ஹி?" என்றாள்.

"நல்லாருக்கார்" என்றேன்.

"யூ ஓகே, அம்மா?"

"ஃபைன்" என்றேன்.

அவள் அதை நம்பிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.